அஞ்சரைக் கட்டை ரஞ்சிதம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திண்டிவனத்தில் இறங்கினேன். எழும்பூரிலிருந்து எழுபத்தாறு மைல். பாசஞ்சர் வண்டி ஒவ்வொரு மைலையும் யோசித்து யோசித்துத்தான் கடந்தது. முகத்தில் கரி, வாயில் கரி. நிலையத்துக்கு வெளியே மாசி மாதத்து வெயில் தெருவை முழுசாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் வந்தது ஊரைப் பார்க்க அல்ல, ஒரு குரலைக் கேட்க. சில வருஷங்களுக்கு முன் விழுப்புரம் ஜங்ஷனில் மாற்று வண்டியைத் தவறவிட்டு, மைக் சத்தம் வந்த திசையில் நடந்தேன். ஒரு கல்யாணப் பந்தலில் ரஞ்சிதம் என்ற பெண்மணி சினிமாப் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தார். சுருதியின் உயரத்தை ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சொல்வார்கள். ஐந்தரைக் கட்டை என்றால் பெண்களுக்கே மேட்டு நிலம். அவரோ அங்கே மாடியில் துணி உலர்த்துகிறவர் போலச் சாவகாசமாக நடமாடினார். 'அஞ்சரைக் கட்டை ரஞ்சிதம்' என்றுதான் ஊரே சொல்லியது. அப்படிப்பட்டவர் சினிமாப் பாட்டை விட்டுவிட்டார், திண்டிவனத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவ சபையில் கீர்த்தனை பாடுகிறார் என்று கேள்விப்பட்ட பிறகு எனக்குச் சென்னையில் கால் தரிக்கவில்லை.

சந்தைக்குப் பின்னால் ஓட்டு வீடு. கணவர் சாமுவேல் தையல்காரர், ஆர்மோனியமும் வாசிப்பார். ரஞ்சிதம் காபி கொண்டுவந்து வைத்தார்.

"என் பாட்டை எங்க கேட்டீங்க?"

"விழுப்புரத்தில். கல்யாணத்தில்."

"அப்ப ஏமாந்துதான் போவீங்க சார்" என்று சிரித்தார்.

எப்படி இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று கேட்டேன். தரிசனம், கனவு, பிழைத்தெழுந்த காய்ச்சல் என்று ஏதாவது வருமென எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"கல்யாணமான புதுசுல இவரு சபைக்கு இட்டுக்கினு போனாரு. அங்க எல்லாரும் பாடறாங்க. ஒருத்தருக்கும் சுருதி இல்ல. நானும் பாடறேன், திரும்பிப் பாக்க ஒரு ஆள் இல்ல! கோவம் வந்துச்சு. அடுத்த வாரமும் கோவத்தோடயே போனேன். அப்புறம் ஒரு நாள் பாத்தா, அந்தப் பாட்டு இல்லாம எனக்கு வாரம் ஓடல. கச்சேரியில எனக்கோசரம் பாடிக்கினு இருந்தேன். இங்க பாட்டு யாரையும் பாக்கல. மேல பாக்குது."

"ஞானஸ்நானம் எடுக்கற அன்னிக்கும் கோவந்தான்" என்றார் சாமுவேல். "தண்ணி ஜில்லுனு இருந்துச்சாம்."

ரஞ்சிதத்துக்கு இப்போது ஒரே ஆசை: ஞாயிறு ஆராதனையில் முன்னால் நின்று பாட்டு நடத்த வேண்டும். அதற்குத்தான் வழி மறித்து நிற்கிறார் மூப்பர் ஞானமுத்து. சபைக் காரியங்கள் அவர் பொறுப்பு. அன்று மாலை விழுப்புரம் ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஒரு ஜெபக் கூட்டம். அதில் பாட்டை நடத்தச் சொல்லியிருந்தார். அதுதான் பரீட்சை.

பகல் இரண்டு மணிக்கு மூப்பரோடு சேர்ந்து நால்வரும் பஸ் ஏறினோம். இருபத்து நான்கு மைலுக்குத் தொண்ணூறு நயா பைசா. நயா பைசா வந்து இத்தனை நாளாகியும் கண்டக்டர், "பதினாலணா சில்லறையா எடுங்க, ஜல்தி, ஜல்தி" என்றே கேட்டுக்கொண்டு வந்தார்.

மூப்பர் என் பக்கத்தில். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார்.

"குரலு தங்கம் சார். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இது பாடுனா ஜனம் வாய மூடிக்கினு கேக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை பாட வெச்சேன். எழுவது பேர்ல ஒருத்தர் உதடு அசையல. ஆராதனையில பாட்டு ஜனத்தோடது. இன்னிக்கும் அப்படியே ஆச்சுன்னா, அம்மா பெஞ்சியில உக்காந்து பாடட்டும். அவ்ளோதான்."

முன் இருக்கையிலிருந்து ரஞ்சிதம் திரும்பாமலே சொன்னார்: "காதுல விழுது, ஐயா."

"விழட்டும்னுதாம்மா சொல்றேன்."

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் இடப்பக்கம் மயிலம் குன்று, யாரோ எழுந்திருக்க நினைத்து மறுபடி உட்கார்ந்துவிட்டது போல. விக்கிரவாண்டியில் பஸ் நின்றது. மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை அவித்து விற்ற அம்மாள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, கூடையையே மறந்துவிட்டார்.

"யம்மா, நீ அஞ்சரைக் கட்ட ரஞ்சிதம் இல்ல? எங்க தம்பி கல்யாணத்துல பாடுனியே! இப்ப எங்க பாடற?"

"இன்னிக்குச் சாயங்காலம், ரயில்வே கோட்டர்ஸ்ல. வாயேன்."

"சினிமாவா?"

"சாமி பாட்டு."

"அடப் பேஜாரே!" என்றார் அந்த அம்மாள். பஸ்ஸே சிரித்தது. ரஞ்சிதமும் சிரித்தார். மூப்பர் மட்டும் ஒரு மல்லாட்டையை உடைத்து நெடுநேரம் மென்றார்.

மாலை ஆறு மணி. எஞ்சின் ஷெட் புகை மைதானத்தின்மேல் தாழ்வாகத் தொங்கியது. பாய்களில் சபை மக்கள். பின்னால் வேலை முடிந்து வந்த ரயில்வே ஆட்கள், எண்ணெய்க் கறை கையோடு, பெயரைக் கேட்டுக் கூடியவர்கள். போதகர் சுருக்கமாக ஜெபித்தார். சாமுவேல் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தார். பாட்டு அவரே கட்டியது. பல்லவி இரண்டே வரி.

ரஞ்சிதம் ஐந்தரையில் எடுத்தார்.

நான் கேட்க வந்தது அதைத்தான். புகைக்கு மேலே, தந்திக் கம்பிகளுக்கு மேலே அந்தக் குரல் போய் நின்றது. என் முதுகு சிலிர்த்தது. மைதானத்தில் ஒரு உதடு அசையவில்லை. மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு விசில், தொடர்ந்து, "யக்கா, ஒன்ஸ்மோர்!"

சபை முழுவதும் திரும்பி முறைத்தது. ஜெபக் கூட்டத்தில் ஒன்ஸ்மோர்! ரஞ்சிதத்தின் முகத்தில் பந்தல் நாட்களின் பழைய சந்தோஷம் ஒரு கணம் ஏறியதைப் பார்த்தேன். மூப்பரைப் பார்த்ததும் அது இறங்கியதையும் பார்த்தேன்.

பிறகு ரஞ்சிதம் மைக்கைப் பிடித்தார். "ஒன்ஸ்மோர் கேட்டது யாரு? எந்திரிங்க."

காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைத் தள்ளினார்கள்.

"ஒன்ஸ்மோர் குடுக்கறேன். நீங்களும் கூடப் பாடணும்."

"நானா? அம்மாம் மேல நம்ம வண்டி ஏறாதுக்கா!"

மைதானம் சிரித்து ஓய்ந்தது. ரஞ்சிதம் சிரிக்கவில்லை. யோசித்தார். கணவர் பக்கம் குனிந்து, "மூணு கட்டைக்கு வாங்க" என்றார்.

சாமுவேல் நிமிர்ந்து பார்த்தார். "மூணா? உன் குரலு அங்க எடுபடாது, ரஞ்சிதம்."

"இவுங்க குரலு எடுபடுமே. வாங்க."

மூன்று கட்டையில் அவர் குரல் சாதாரணக் குரல். கொஞ்சம் கரகரப்பு, அடியில் காற்று. சந்தையில் விலை கேட்கிற எந்தப் பெண்ணுக்கும் இருக்கும் குரல். பல்லவியை ஒரு சங்கதியும் இல்லாமல், ஏணியைச் சாய்த்து வைப்பதுபோல வைத்தார். காக்கிச் சட்டைக்காரர் முதலில் ஏறினார். அவருக்குப் பின்னால் அவரைத் தள்ளியவர்கள். பிறகு பாய்களில் இருந்த பெண்கள். மூன்றாம் தடவை மைதானமே பாடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ரஞ்சிதத்தின் குரலைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவர் வாய் அசைந்தது, அவ்வளவுதான். ஷெட்டில் ஏதோ எஞ்சின் கூவியதைக்கூட யாரும் லட்சியம் செய்யவில்லை.

கூட்டம் கலைந்தபோது ரஞ்சிதம் மூப்பருக்கு எதிரே போய் நின்றார். "ஐயா?"

மூப்பர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கத்திப் பாடித் தொண்டை கட்டியிருந்தது. கனைத்தார், இருமினார், கடைசியில் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "நாளைக்கு... ஆரம்பப் பாட்டு... நீதாம்மா" என்று கரகரத்தார்.

"எந்தக் கட்டையில ஐயா?" என்று சாமுவேல் சீண்டினார்.

"போய்யா" என்றார் மூப்பர்.

எட்டு மணிக்குமேல் சென்னை வண்டி. சென்னையில் நான் எத்தனையோ சபாக்களில் உட்கார்ந்திருக்கிறேன். வீடு திரும்பும் வழியில் பாடகியின் குரலை மனத்துக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடினேன். ஐந்தரைக் கட்டை வரவில்லை. வந்தது பக்கத்துப் பாயில் இருந்தவரின் தப்புத் தாளம், காக்கிச் சட்டைக்காரரின் உடைந்த மேல்ஸ்தாயி, இரண்டுக்கும் நடுவே எனக்கே பழக்கமில்லாத ஒரு கட்டைக் குரல். அது என்னுடையது என்று புரிய விக்கிரவாண்டிவரை ஆயிற்று.