சத்தம் வராத கெட்டி மேளம்

டுரியான் துங்கால் பக்கத்துக் கல்யாணங்களில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். நாதஸ்வரக் குழு கிடைக்காத வீடுகளில் கெட்டி மேளமும் என் விரலில்தான் வரவேண்டும். நாதஸ்வரமும் தவிலும் எனக்கு ப்ளக்-இன் என்கிற மென்பொருள்கள். அவற்றை இயக்குவதற்கென்றே, திரையில்லாத கணினி மாதிரி ஒரு இரும்புப் பெட்டி வைத்திருந்தேன்.

"அந்தப் பெட்டிய ஏன் தூக்கிட்டுத் திரியிற? லேப்டாப் ஒன்னே போதும்லா," என்று கூட வாசிக்கும் நண்பன் வருஷக்கணக்காக நச்சரித்தான். போன வருஷம் விற்றுத் தொலைத்தேன்.

அந்தப் பெட்டியை யாரும் இரவல் கேட்டதில்லை. அந்த அருமை விற்ற பிறகுதான் புரிந்தது. லேப்டாப்பைப் பார்த்தால் எல்லாருக்கும் கை அரிக்கிறது. தெங்கேரா மண்டபத்தில் நான் டீ குடிக்கப் போன நேரத்தில், நண்பன் அதைப் பெண்ணின் மாமாவிடம் கொடுத்துவிட்டான். பெண் மாப்பிள்ளை படங்களைத் திரையில் ஓட்டவேண்டுமாம். மாமா என் மென்பொருளை மூடிவிட்டுப் படங்களை ஓட்டியிருக்கிறார்.

நான் வந்து உட்காரவும் ஐயர் விரலை உயர்த்தவும் சரியாக இருந்தது. கட்டைகளை அழுத்தினேன். சத்தமே இல்லை. லேப்டாப்பில் மாப்பிள்ளை கடற்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று முடிச்சு விழும்வரை ஊமைக் கட்டைகளை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"பரவால்ல தம்பி, யாரும் கவனிக்கலலா," என்றார் மாமா.

வீடியோ எடுத்தவர் பிறகு எங்கிருந்தோ ஒரு கெட்டி மேளத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார். அதில் நான் பிரமாதமாக வாசிக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு தங்கா பத்துவிலிருந்து ஒரு வீட்டார் கூப்பிட்டார்கள். அதே மாதிரி வாசிக்கவேண்டுமாம்.