இன்னைக்கு யார்கிட்ட பேசப் போறீங்க?

‘ஆற்றல் மிக்க பேச்சாளர். மக்களைக் கவரும் கலையில் தேர்ந்தவர். துடிப்பான ஓர் அணியைத் தட்டிக்கொடுத்து முன்னுக்குக் கொண்டுவந்த வெள்ளி நிலைத் தலைவர். ஒருமுறை சந்தித்தவர்கள் இவரை மறக்க மாட்டார்கள்.’

சலவைத் தூள் விற்கும் நிறுவனம் ஒன்று தன் வழவழப்பான பத்திரிகையில் இப்படி எழுதி, பக்கத்தில் படமும் போட்டிருந்தது. படத்தில் இருந்தவர் ஒரு நடுத்தர மருத்துவமனையின் எக்ஸ்ரே டெக்னீஷியன். அவரைச் சந்தித்த எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சந்திப்பு நடந்த நேரத்தில் அவர்கள் சட்டையில்லாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, நெஞ்சுக்குள் என்ன இருக்கிறதோ என்று பயந்துகொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் முகம் யாருக்கு வேண்டும்?

“தாடையை இதுமேல வைங்க. தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. அவ்வளவுதான், விடலாம்.”

ஒரு நாளில் அவர் பேசுவது அநேகமாக இவ்வளவுதான். இதையே நாள் முழுக்கச் சொல்வார். பதிலுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. மருத்துவமனையில் அவருக்கு ‘மூச்சு’ என்று பெயர் விழுந்ததும், அது நிலைத்ததும் இயல்பாக நடந்தவை. “மூச்சு அண்ணன் இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டு வார்டு ஆயம்மா உள்ளே வருவார். அவர் இருப்பார். எப்போதும் இருப்பார்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மகள் வேறு ஊரில் வேலையும் கணவனுமாக இருந்தாள். ஞாயிறு தவறாமல் போன் செய்து, “மாத்திரை போட்டீங்களாப்பா?” என்று கேட்பாள். அவர் “போட்டேம்மா” என்பார். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். அதற்கு மேல் என்ன பேசுவது என்றுதான் இருவருக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான் கோட்டு போட்ட ஒருவர் இருமிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்க வந்தார்.

“கோட்டைக் கழட்டுங்க.”

“கழட்டியே ஆகணுமா சார்? கழட்டிட்டா நான் யாருன்னு எனக்கே மறந்துடும்.”

“பட்டன் படத்துல விழும்.”

கழற்றினார். படம் எடுத்து முடிந்து மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டவர், வெளியே போகாமல் திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்டார். அந்த அறையில் அதற்கு முன்னால் யாரும் கேட்காத கேள்வி அது.

“அது சரி, நீங்க எப்படி இருக்கீங்க?”

டெக்னீஷியன் யோசித்துப் பார்த்து, “தெரியல சார்” என்றார். கோட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது.

சலவைத் தூளைக் கடையில் விற்காமல் உறுப்பினர்கள் வழியாக விற்கிற நிறுவனம் அது. நீங்கள் ஓர் உறுப்பினர். உங்களுக்குக் கீழே ஆட்களைச் சேர்க்க வேண்டும். அவர்கள் தங்களுக்குக் கீழே சேர்ப்பார்கள். ஒவ்வொருவரும் மாதம் ஒரு பெட்டி வாங்கினால், கீழே போகும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு துளி லாபம் மேலே ஏறி உங்களிடம் வரும். தண்ணீர் மேலே ஏறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இதை நம்பச் சற்றுச் சிரமப்படுவார்கள். டெக்னீஷியன் சிரமப்படவில்லை. கோட்டு காகிதத்தில் வட்டமும் கோடுமாக வரைந்ததை அவர் சரியாகக் கவனிக்கவே இல்லை. ஒரு மனிதன் தன் எதிரில் உட்கார்ந்து தனக்காக இவ்வளவு நேரம் பேசுவதை மட்டும் கவனித்தார். சேர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை, அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் போன் அடித்தது.

“வணக்கம் தலைவரே! இன்னைக்கு யார்கிட்ட பேசப் போறீங்க?”

அது நிறுவனத்தின் பழக்கம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் தினமும் காலையில் கூப்பிட்டு உசுப்பிவிட வேண்டும். மற்றவர்கள் அந்த அழைப்பைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். இவர் முதல் மணியிலேயே எடுத்தார். நாளடைவில் மணி அடிக்கும் முன்பே குளித்து, சட்டை மாட்டி, போனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் பதில் தெரியாமல் போன கேள்விக்கு இப்போது விதவிதமாகப் பதில் சொல்லத் தெரிந்தது. “லிப்ட் ஆபரேட்டர்கிட்ட பேசலாம்னு இருக்கேன்.” “சபாஷ்! பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க.” நாளைக்கு என்று ஒன்று இருந்தது.

லிப்ட் ஆபரேட்டரிடம் அவர் பேசவும் செய்தார்.

“எனக்கு மேல, எனக்குக் கீழன்னு ஆள் சேர்க்கணுமா?” என்றார் லிப்ட் ஆபரேட்டர். “அண்ணே, நான் நாள் முழுக்க அதைத்தானே பண்ணிட்டு இருக்கேன். என்ன கிடைச்சிது எனக்கு?”

டெக்னீஷியன் மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டார்.

ஆள் சேராவிட்டால் அல்லது மாதப் பெட்டி வாங்காவிட்டால், உறுப்பினர் எண் ‘தூங்கிவிடும்’ என்பார்கள். தூங்கும் எண்ணுக்குக் காலை அழைப்பு கிடையாது. அழைப்பவரின் நேரமும் காசுதானே. டெக்னீஷியனுக்கு இது ஒன்று மட்டும் துல்லியமாக விளங்கிற்று. வருமானம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்; எண் விழித்திருக்க வேண்டும். எனவே அவர் வேறு வழியில் அணி கட்டினார். மகளைச் சேர்த்தார். மருமகனைச் சேர்த்தார். மைத்துனரைச் சேர்த்தார். “பேரைப் போட்டுக்கங்க மச்சான், கூட்டம் கீட்டம்னு மட்டும் கூப்பிட்டுறாதீங்க” என்று மைத்துனர் சொல்லிவிட்டார். ஆயம்மாவும் லிப்ட் ஆபரேட்டரும்கூட, சம்பளத்தில் கைவைக்காதவரை தங்கள் பெயரை யார் எங்கே வைத்துக்கொண்டாலும் கவலையில்லை என்றார்கள். அத்தனை பேருடைய மாதப் பெட்டியையும் இவரே வாங்கினார். துடிப்பான அணி என்று பத்திரிகை சொன்னது பொய்யல்ல. துடித்தவர் ஒருவர்.

பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. முதலில் சமையலறை அலமாரி நிறைந்தது. பிறகு கூடம். பிறகு கட்டிலில் மனைவி படுத்திருந்த பாதி காலியாகத்தானே கிடக்கிறது என்று அங்கேயும் அடுக்கினார். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் எலுமிச்சை வாசம் அடித்தது. சேர்ந்ததைத் தீர்க்கத் தினமும் துவைத்தார். அவருடைய நீலச் சீருடை துவைத்துத் துவைத்து வெளுத்து, கடைசியில் வெள்ளையாகவே ஆனது. நடைவழியில் நோயாளிகள் அவரைப் பெரிய டாக்டர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். “உட்காருங்க, உட்காருங்க” என்று கூசிக்கொண்டே ஓடுவார். தெருச் சாக்கடையில் அவர் வீட்டு நுரை மிதந்து போனது. எதிர்வீட்டுக்காரம்மா ஜன்னலிலிருந்து, “ஒத்த ஆளுக்கு இவ்வளவு அழுக்கா?” என்றார்.

அணியின் பெட்டிக் கணக்கு ஏறி ஏறி, ஒரு நாள் நிறுவனம் அவரை வெள்ளி நிலைத் தலைவராக அறிவித்தது. பெரிய மண்டபத்தில் ஆண்டுக்கூட்டம். அணியோடு மேடைக்கு வர வேண்டும் என்றார்கள்.

மகளைக் கூப்பிட்டார், லீவு இல்லை. மைத்துனர் போனையே எடுக்கவில்லை. லிப்டை விட்டுவிட்டு லிப்ட் ஆபரேட்டர் வர முடியாது. ஆயம்மா மட்டும், “சாப்பாடு உண்டாண்ணே?” என்று கேட்டு, உண்டு என்றதும் நல்ல புடவையில் வந்தார். டெக்னீஷியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அணி என்று ஒன்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

காதைப் பிளக்கும் பாட்டுக்கு நடுவில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி. பந்தியில் இடம் பிடிக்க ஆயம்மா முன்னதாகவே போய்விட்டிருந்தார். தனியாக ஏறினார்.

“எங்கே உங்க டீம்?” என்றார் மைக் பிடித்திருந்த தொகுப்பாளர்.

“வந்திருக்காங்க” என்றார். “சாப்பிடப் போயிருக்காங்க.”

மண்டபம் சிரித்தது. “அருமை! உங்க வெற்றி ரகசியத்தை எல்லாருக்கும் சொல்லுங்க!” என்று மைக்கைக் கையில் திணித்தார்கள்.

எதிரில் அத்தனை முகங்கள். எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்குப் பழக்கம் முதுகுகள்தான். தெரிந்த ஒன்றே வாயில் வந்தது.

“எல்லாரும் மூச்சை நல்லா இழுங்க.”

இழுத்தார்கள்.

“பிடிங்க. அசையாதீங்க.”

காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. கோட்டும் டையும் கடன் வாங்கிய நகையுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் நெஞ்சை நிமிர்த்தி அசையாமல் இருந்தார்கள். அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவ்வளவுதான். விடலாம்.”

கைதட்டல் ஓயவே இல்லை. இதைவிட ஆழமான ஊக்க உரையைத் தான் கேட்டதில்லை என்று தொகுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆற்றல் மிக்க பேச்சாளர் உருவான கதை இதுதான்.

பத்திரிகை வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். அவள் வார நாளிலேயே கூப்பிட்டாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இதுல யாராவது நெஜமா சம்பாதிச்சிருக்காங்களா? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கறேன். இல்லேன்னா நீங்க நிறுத்திடணும்.”

“கேட்டுச் சொல்றேம்மா.”

கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆள் இல்லை என்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் காலையில் மணி அடிக்காது. சில நாள் கேட்காமலே ஓட்டினார். ஆனால் மகள் அவரிடம் மாத்திரையைத் தவிர வேறொன்றைக் கேட்டது அதுவே முதல்முறை. கடைசியில் ஒரு காலையில் கேட்டுவிட்டார்.

போனில் கோட்டு குரலைத் தாழ்த்தியது. “வீட்டுக்கு வாங்க தலைவரே. நேர்ல பேசுவோம்.”

ஞாயிறு மதியம் போனார். கோட்டு இல்லாமல் பனியனோடு கதவைத் திறந்த மனிதரை அடையாளம் காண ஒரு கணம் பிடித்தது. அறையில் போட்டிருந்த நீள சோபாவில் உட்கார்ந்தார், அது முனகியது. போர்வைக்கு அடியில் சலவைத் தூள் பெட்டிகள். டீ வைத்த மேசையும் பெட்டிதான். அதே எலுமிச்சை வாசம்.

அந்த வீட்டுக்கார அம்மா டீ கொண்டுவந்து வைத்து, இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாருமே போனை எடுக்கறதில்ல, ஒருத்தர் மட்டும் எடுக்கறாருன்னு சொல்வாரு. அது நீங்கதானா?”

“நான்தாம்மா.”

“பாவம்” என்றார் அந்த அம்மா. யாரைச் சொன்னார் என்று இருவரும் கேட்கவில்லை.

“பொண்ணு கேக்கறா” என்றார் டெக்னீஷியன். “நீங்க சம்பாதிச்சிருக்கீங்களா?”

“உக்காந்திருக்கீங்களே, அதுதான் என் சம்பாத்தியம்.” பனியன்காரர் சோபாவைத் தட்டினார். “ஆனா எனக்கு மேல இருக்கறவர் கார் வாங்கிட்டாரு.”

“பார்த்தீங்களா?”

“போட்டோ பார்த்தேன். காருக்குப் பக்கத்துல நிக்கறாரு.” கொஞ்சம் யோசித்தார். “நானும் அதே கார் பக்கத்துல நின்னு எடுத்திருக்கேன்.”

“அது யாரு கார்?”

“மண்டபத்து ஓனர் கார் தலைவரே. கூட்டம் நடக்கறப்பெல்லாம் வாசல்ல நிக்கும்.”

இருவரில் முதலில் சிரித்தது யார் என்று சொல்வது கடினம். சிரித்து முடித்ததும் பனியன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளையிலிருந்து பார்சல் ஆபீசில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். விடியற்காலையில் லாரி வந்துவிடும். சரக்கு இறக்க வேண்டும்.

“இனிமே காலையில போன் வராது தலைவரே. கோவிச்சுக்காதீங்க.”

“சேச்சே. அதனால என்ன” என்றார் டெக்னீஷியன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். “ஆளைக் கண்டுபிடிச்சிட்டேம்மா. மண்டபத்து ஓனர்.”

மகள் சிரித்தாள். “நிறுத்திட்டீங்கல்ல?”

“நிறுத்திட்டேன்.”

“மாத்திரை?”

“போட்டேம்மா.”

மறுநாள் வழக்கம்போல் குளித்து, வெளுத்த சட்டையை மாட்டி, போனுக்கு எதிரில் உட்கார்ந்தார். அடிக்காது என்று தெரிந்தே உட்கார்ந்தார். தெருவில் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். எதிர்வீட்டில் குழாய் திறந்தது, மூடியது. மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்து, கடந்தது. அவர் போனைக் கையில் எடுத்தார்.

வெகுநேரம் அடித்த பிறகு அந்தப் பக்கம் எடுத்தார்கள். லாரிச் சத்தம். தொப்பென்று எதையோ கீழே போடும் சத்தம்.

“யாரு?”

“வணக்கம். இன்னைக்கு யார்கிட்ட பேசப் போறீங்க?”

“தலைவரே!” மூச்சு இரைத்தது. “இங்க எவன் பேசறான்? எல்லாம் மூட்டையைப் பார்த்துட்டு நிக்கறானுங்க.”

“சரி. நாளைக்குச் சொல்லுங்க.”

அந்த நிறுவனத்தில் இருந்த காலம் முழுவதும் அவர் தன் பேச்சால் யாரையும் சேர்க்கவில்லை. வாங்கிய தூளில் பாதியைத் தானே துவைத்துத் தீர்த்தார். மீதியை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இறக்கினார். அதற்குப் பிறகு, தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் ஒருவருக்குப் போன் செய்தார்.