பொட்டலத்துக்குப் பின்னால் இருந்த நூல்

சின்ச்சூ நகரில் ஒரு பொறியியல் கல்லூரியின் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் ஆய்வகம் நடத்துபவள் யே பெய்-ஜுன். அதுவும் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து, கணினித் திரை வழியாக. நூலில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி ஆட்டு, நேரம் பார், புவியீர்ப்பைக் கணக்குப் போடு, கண்டதை மட்டும் அறிக்கையில் எழுது. அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. நட்டையே கண்ணால் பார்க்காத பயல்கூட புத்தகத்தில் இருக்கிற 9.8 என்று அச்சுப் பிசகாமல் எழுதி அனுப்பினான்.

அன்று துறைத்தலைவர் சியூ வகுப்பைப் பார்வையிடத் திரையில் வந்திருந்தார். அவர் தலையசைத்தால்தான் அவளுக்கு அடுத்த வருஷம் வேலை. எதற்கு வம்பு என்று, கோளாறு வராமலிருக்க ஊரில் எல்லா இயந்திரத்தின் மேலும் வைப்பார்களே, அந்தப் பச்சைப் பொட்டலச் சோளப்பொரி ஒன்றை ஊசல் தொங்கும் கொக்கியிலேயே மாட்டிவைத்தாள். மஞ்சள் என்றால் இயந்திரம் படுத்துக்கொள்ளும். காலாவதியானாலும் பலிக்காது. அதனால் பச்சைதானா, தேதி இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து வாங்கியது. இயற்பியல் படித்தவள்தான். படித்தால் பயம் போய்விடுமா என்ன?

ஆட்டினாள். கணக்குப் போட்டாள். 7.1 வந்தது.

"9.8னு போட்டுடுங்க டீச்சர், நாங்க எப்பவும் அப்படித்தானே போடுறோம்!" என்றான் லியாவ் ஹோங்-யூ, தலைவர் இருப்பதையே மறந்து.

தலைவர் இருமினார். பெய்-ஜுன் வெள்ளைப் பலகையில் பெரிதாக 7.1 என்று எழுதினாள். வேலை போனால் போகட்டும்.

"ஏன் இப்படி வந்துச்சுன்னு இப்ப நீயே சொல்லுடா."

லியாவ் வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஊசலை உற்றுப் பார்த்தான். "டீச்சர், பொட்டலத்துக்குப் பின்னாடியும் நூல் இருக்குல்ல? நீங்க அதுக்குக் கீழேருந்துதானே அளந்தீங்க?"

"பொட்டலத்தைக் கழட்டிட்டு முழுசா அளங்க" என்றார் தலைவர்.

"ஐயோ, கழட்டாதீங்க டீச்சர்!" என்று வகுப்பே அலறியது.

கழற்றினாள். கொக்கியிலிருந்து அளந்து மறுபடி கணக்குப் போட்டாள். 9.8! அவள் துள்ளிக் குதித்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது. இணையம் போயே போயிற்று.

பெய்-ஜுன் பொட்டலத்தைத் தூக்கி ரவுட்டர் மேல் வைத்தாள். உடனே தலைவரின் முகம் திரும்பி வந்தது.

"பொட்டலம் இப்ப எங்க இருக்கு?"

"ரவுட்டர் மேல சார்."

"காலாவதி தேதி?"

"வர்ற மார்ச் வரைக்கும் தாங்கும் சார்."

"பத்தாதும்மா" என்றார் சியூ. "அடுத்த வருஷ வகுப்புக்குப் புதுசா ஒண்ணு வாங்கி வச்சிடுங்க."