பன்னிரண்டாயிரம் ஹிட் வாங்கிய கலர் கார்டு

எங்கள் வெப்சைட்டுக்கு முதல் மாதமே பன்னிரண்டாயிரம் ஹிட்! இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். ஆம்பூரில் ஷூ லெதர் செய்யும் கம்பெனியில் நான் எக்ஸ்போர்ட் கிளார்க். இமெயில் அனுப்பத் தெரிந்த ஒரே பாவத்துக்காக என்னையே ஆன்லைன் மார்க்கெட்டிங் இன்சார்ஜ் ஆக்கியிருந்தார்கள். வெப்சைட்டைச் செய்துகொடுத்த சத்துவாச்சாரி டிசைனர் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன்.

"ஹிட்டுன்னா இன்னாப்பா?"

"பன்னண்டாயிரம் பேர் நம்ம லெதரைப் பார்த்திருக்காங்க சார்!"

தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. முதலாளி பிஸ்கெட்டோடு டீ வரவழைத்தார். பாதி பிஸ்கெட்டில் இடி விழுந்தது.

"அப்ப சாம்பிள் ரூம் எதுக்கு? துண்டு வெட்டி கூரியர் அனுப்பறது ஜாஸ்தி பேஜாரு. அடுத்த மாசத்தோட மூடிடலாம். ஸ்டெல்லாகிட்ட நீயே சொல்லிடு."

தோலைத் துண்டு போட்டு, அட்டையில் ஒட்டி, வெளிநாட்டு பையர்களுக்கு அனுப்புவதுதான் ஸ்டெல்லா அக்காவின் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது. சாம்பிள் ரூமுக்குப் போய் நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"இன்னாப்பா, பன்னண்டாயிரம் பேராமே! தொட்டுப் பார்க்காம லெதர் வாங்கற அந்த மகராசனுங்க யாருன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. உடனே டிசைனருக்கு போன் போட்டேன்.

"சார், உங்க கலர் கார்டு பேஜ்ல ஒவ்வொரு லெதர் கலருக்கும் ஒண்ணுன்னு முப்பத்தொன்பது படம் இருக்கு. ஒருதரம் திறந்தா பேஜ் ஒண்ணு, படம் முப்பத்தொன்பது, மொத்தம் நாப்பது ஹிட். ஆளுங்க கணக்கு கீழ 'யூனிக் விசிட்டர்'னு இருக்கே, பாக்கலியா?"

சின்ன எழுத்தில் இருந்ததால் முக்கியமில்லை என்று விட்டிருந்தேன். யூனிக் விசிட்டர்: மூன்று.

ஒன்று, ஆபீஸ் கம்ப்யூட்டர். தினமும் பத்துத் தடவை நானே திறந்து ரசித்தது. இரண்டு, பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர். என் மச்சானுக்கு நானே திறந்து காட்டிப் பெருமையடித்தது.

"மூணாவது?"

"இத்தாலி சார். ஒரே தரம் வந்து என்கொயரி அனுப்பியிருக்காரு. மெயில் பாக்கலியா?"

ஹிட்டை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு மெயில் பார்க்க நேரம் ஏது? திறந்தேன். ஷூ தயாரிப்பவர். டேன் என்கிற இளம்பழுப்பு கலர் பிடித்திருக்கிறதாம். கையில் தொட்டுப் பார்க்கத் துண்டு வேண்டுமாம்!

மெயிலோடு மறுபடி முதலாளி அறை.

"சார், பன்னண்டாயிரம் பேர் இல்ல. மூணு பேர். அதுல ரெண்டு பேர் நான்தான்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். மெயிலை இரண்டு தடவை படித்தார். எழுந்து வாசலுக்கே வந்து குரல் கொடுத்தார்.

"ஸ்டெல்லா! டேன் கலர்ல நல்லதா பத்துத் துண்டு வெட்டும்மா. இன்னிக்கே கூரியர் போவணும்!"

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ அங்க போவாதே. பத்தை நானூறுன்னு சொல்லுவே."

ஸ்டெல்லா அக்காவின் கத்தரி ஓடும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பின்னாளில் இம்ப்ரெஷன், ரீச், லைக் என்று என்னென்னவோ வந்தன. எந்த ரிப்போர்ட்டை நீட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: "இதுல நம்மளைக் கழிச்சா மீதி எத்தனை?"