மணம் தெரியாமல் கற்ற தாய்லாந்து சமையல்: மரக்காணத்தில் ஒரு நாள்

ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் என் மோப்ப உணர்வை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது. பன்னிரண்டு வீடுகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துவந்தவள் நான், நிறுத்திவிட்டேன். இனி அடுப்பு நமக்கு ஆகுமா என்று தெரிந்துகொள்ள, என்னை அறியாதவர்கள் நடுவே ஒரு வகுப்பைத் தேடினேன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மரக்காணம் கிளம்பினேன்.

திருவான்மியூரில் காலை 6.15க்கு ஈ.சி.ஆர். வழியாகப் போகும் பாண்டிச்சேரி பேருந்து. மரக்காணத்தில் இறங்கியபோது 8.50. அங்கிருந்து உப்பளங்களை ஒட்டி மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"ஷாகிரா அக்கா வீட்டு க்ளாஸுதானே? ஆரோவில்ல இருந்து வெள்ளக்காரங்கதான் வருவாங்க. நம்மாளுங்க யாரும் வந்து பாத்ததில்லீங்க" என்றார் ஓட்டுநர்.

ஷாகிராவுக்கு என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவர். துபாயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் தாய்லாந்துப் பெண் ஒருவரோடு எட்டு வருடம் வேலை பார்த்தவர். இப்போது வீட்டுக் கொல்லையில் கூரை போட்டு, பயணிகளுக்குச் சொல்லித்தருகிறார். அன்று என்னோடு ஒரு பிரெஞ்சுத் தம்பதி.

ஷாகிரா எலுமிச்சைப் புல்லை நசுக்கி நீட்டி, "மோந்து பாருங்க" என்றார். அவர்கள் இருவரும் கண்ணை மூடி ரசித்தார்கள். நானும் தலையாட்டி வைத்தேன்.

அடுத்து மிளகாய் விழுதை எண்ணெயில் வதக்க வேண்டும். நான் கிளறிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் இருவரும் இருமத் தொடங்கினார்கள்.

"அக்கா, கருகுது! தெரியலையா?"

ஷாகிரா ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னேன்.

"நாக்குல உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அப்புறம் என்ன? இந்தச் சமையல்ல பாதி அதுதான். நோன்பு மாசம் முழுக்க நாங்க நாக்குல ஒரு சொட்டு வைக்காம சமைக்கிறோம். உங்களுக்கு மூக்கு இல்ல, அவ்ளோதான். காதக் குடுங்க."

மறுபடி விழுதைப் போட்டார். முதலில் சடசடவென்று சத்தம்; ஈரம் வற்ற வற்ற அது அடங்கியது; ஓரத்தில் சிவந்த எண்ணெய் பிரிந்தது. "இப்ப தண்ணி ஊத்துங்க" என்று அவர் சொல்லும் முன்பே ஊற்றிவிட்டேன். இறால், மீன் சாஸ், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் பனைவெல்லம். டாம் யம் சூப் தயாரானது.

பிறகு கரண்டியை என் கையில் கொடுத்து, எல்லோருடைய சட்டியையும் ருசி பார்க்கச் சொன்னார். ஷாகிரா வைத்த சூப்பில் புளிப்பு ஒரு துளி தூக்கலாக இருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவரும் ஒரு வாய் குடித்தார்.

"ஆமாக்கா. வாசத்துல மயங்கி நானே விட்டுட்டேன்."

நெற்றி வியர்க்க இரண்டு கிண்ணம் குடித்தேன். மணம் திரும்பவில்லை, பசி திரும்பியிருந்தது. இப்போது மூன்று வீடுகளுக்கு மட்டும் மறுபடி சமைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: வகுப்பு 10 முதல் 2 மணி வரை, சாப்பாட்டோடு 1,500 ரூபாய். வெயில் ஏறும் முன் உப்பளப் பக்கம் ஒரு நடை போய்வரலாம், தொப்பி கட்டாயம். என்னைப் போன்றவர்கள் வீட்டில் கேஸ் கசிவு அலாரம் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். முக்கியமாக, உங்களுக்கு எது முடியாதோ அதை வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லிக்கொடுப்பவருக்கு அதற்கும் ஒரு வழி தெரிந்திருக்கலாம்.