கழுவிய பாட்டில்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து நான் நண்டுகளுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். குழம்புக்கு ஆகிற நண்டு இல்லை. பவளப்பாறையின் கிளைகளுக்கு நடுவே குடியிருக்கிற, சுண்டுவிரல் நகத்துக்கு மேல் வளராத நண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் பவளப்பாறை கிடையாது. தெற்கே மண்டபம் கடற்கரை வரை போய், தீவு தீவாக அலைந்து பிடித்து, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுக் கொண்டுவருவேன். இது எந்த இனம், ஏற்கெனவே யாராவது பெயர் வைத்ததா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இதை விளக்க முயன்று, பிறகு விட்டுவிட்டேன்.

டெல்லியில் ஓர் அரசு அலுவலகம் மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்திருந்தது. அது முடியும் நேரம். இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாமா என்று பார்க்க ஒரு நிபுணர் வருவதாகக் கடிதம் வந்தது. இறால் வளர்ப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள், தின்ன முடியாத நண்டுக்கு யார் கொடுப்பார்கள் என்று கல்லூரியிலேயே சிரித்தார்கள். மில் தொழிலாளியான அப்பா சிரிக்கவில்லை. நீட்டிப்பு வராவிட்டால் உழவர்கரையில் அவர் சொல்லிவைத்திருந்த பள்ளிக்கூட வேலைக்கு நான் போய்விட வேண்டும் என்றார். நண்டுகள் ஸ்டோர் ரூமுக்குப் போகும்.

நிபுணர் வருவது விஜயதசமிக்கு மறுநாள். ஆயுத பூஜையன்று பகலில் ஆய்வகத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் பாட்டில்கள் எல்லாம் மேசைமேல், சின்னது முன்னால் பெரியது பின்னால் என்று அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமுமாகப் பளபளத்தன. ஒன்றில்கூட லேபிள் இல்லை.

“டெல்லி முசியே வர்றாரு, பாட்டிலெல்லாம் பிசுக்கா கெடந்துதும்மா. வெளிப்பக்கமெல்லாம் சோடா போட்டுக் கழுவிட்டேன்” என்றார் ஆய்வக உதவியாளர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பெரிய மனிதர் யாராக இருந்தாலும் அவருக்கு முசியேதான்.

கத்தினேன். நண்டு எந்தத் தீவில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பவளத்தில் பிடிபட்டது என்பது லேபிளில்தான் இருந்தது. அது இல்லாத நண்டு ஆராய்ச்சிக்குக் குப்பை. அவர் முகம் சுருங்கிப்போனது. உண்மையில் தப்பு என்னுடையது. பென்சிலால் எழுதிய சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளேயும் போட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அப்புறம் போடலாம் என்று மூன்று வருஷம் சோம்பல்பட்டவள் நான். அதை அப்போது ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

பாட்டிலை எடுக்கப் போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார். “பூஜையில வெச்சத இன்னைக்குத் தொடக்கூடாதும்மா. நாளைக்குக் காலைல எடுத்துத் தர்றேன்.”

சொன்னபடி, மறுநாள் விடியும்போதே வந்து கற்பூரம் காட்டி, முதல் பாட்டிலை அவரே என் கையில் கொடுத்தார்.

எனக்கு இருந்த ஒரே பிடி என் படநோட்டு. ஒவ்வொரு நண்டையும் பிடித்த இடத்தோடு அதில் வரைந்திருந்தேன். ஒரு கால் ஒடிந்த நண்டென்றால் ஒரு கால் இல்லாமலே வரைவேன். நொண்டி நண்டை எதற்கு வரைகிறாய், முழுசாக வரையக்கூடாதா என்று என் பேராசிரியர் பலமுறை திட்டியிருக்கிறார். அன்று அந்த நொண்டிகள்தான் என்னைக் காப்பாற்றின. நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, “இடப்பக்கம் மூணாவது கால் இல்ல, வலது கொடுக்கு நுனி ஒடிஞ்சிருக்கு” என்பேன். உதவியாளர் நோட்டைப் புரட்டித் தேடுவார். பாதி நாளுக்குள் என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். மதியம் சோற்றை மறந்தோம். இருட்டுவதற்குள் ஏழு பாட்டில் தவிர எல்லாவற்றுக்கும் சீட்டு உள்ளே போய்விட்டது. அந்த ஏழில் இருந்தவை கால் கொடுக்கு ஒடியாத முழு நண்டுகள். ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. தோராயமாக ஒரு தீவின் பெயரை எழுதிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. எழுதவில்லை.

மறுநாள் வந்த நிபுணர் அதிகம் பேசாதவர். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, சரியாக அந்த ஏழில் ஒன்றை எடுத்தார். ‘இடம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பூஜையைச் சொன்னேன், என் சோம்பலையும் சொன்னேன். பழியை உதவியாளர் தலையில் போட எனக்கு மனசில்லை. சொல்லி முடித்தபோது எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். “தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மற்றதை நம்பலாம்” என்றார். வேறொன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு வருஷம். வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் தமிழில் படித்துச் சொன்னேன். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்.

“அந்த நண்டுக்கா குடுக்கறாங்க?”

“ஆமாப்பா.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். “உழவர்கரைக்குப் போயி, எம்பொண்ணு வேலைக்கு வரலன்னு சொல்லிட்டு வந்துடறேன்” என்றார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். ஒன்றுமில்லை, நிம்மதியாக இருக்கிறது என்றேன்.