கட்டர் கழற்றிய வால்வு

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அவருக்குக் கட்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயருக்கேற்ற மனுஷன்தான். எதிலாவது ஒரு ஓரம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், கை பரபரக்கும். வீட்டில் காலண்டர் அட்டை முதல் குளியலறைத் திரை வரை எதுவும் வாங்கிய அளவில் இல்லை. அந்தக் கை பழைய காரின் மேல் விழுந்ததுதான் வினை.

கார் கிழடு. அதைப் பந்தயக் குதிரை ஆக்குகிறேன் என்று கிளம்பி, அகலமான சைலன்சர் வைத்தார், இன்ஜினுக்குக் காற்று போகிற வாயைப் பெரிதாக்கினார். அப்புறம் வேண்டாததைக் கழற்றுகிறேன் என்று ஆரம்பித்தார். பின்பக்க வைப்பர் போயிற்று, தரை விரிப்பு போயிற்று, டம்ளர் வைக்கிற குழிகூடப் போயிற்று. "உக்கார சீட்டாவது மிஞ்சுமா, இல்ல நின்னுட்டே ஓட்டணுமா?" என்று மனைவி கேட்டாள். கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு. காலையில் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவள் அவள்தான்.

அவள் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு ஒரு கூட்டம் அவளுக்காகக் காத்திருக்கும். மத்தியானம் அவள் திரும்பி வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு கட்டர் கிளம்பிவிடுவார். இவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் புறப்படும்போது இவர் குறட்டையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாய்ப் போகும். மற்றபடி போனில் 'பால் தீந்துடுச்சு', 'கேஸ் வந்துச்சா', அவ்வளவுதான் குடித்தனம்.

"நாம புருஷன் பொண்டாட்டியா, இல்ல ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். சாதாரணமாகக் கேட்டாள். அது கட்டருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்து என்ன செய்ய? ஷிஃப்ட் மாற்றச் சொல்லி இரண்டு பேரும் கேட்டுப் பார்த்தாயிற்று, இரண்டு இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள்.

மனசு சரியில்லை என்றால் கட்டர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அப்படி நிற்கும்போதுதான் அந்த வால்வு கண்ணை உறுத்தியது. மூக்கின் மேல் மரு மாதிரி, இன்ஜின் ஓரத்தில் துருத்திக்கொண்டு. கழற்றலாமா என்று மெக்கானிக்கைக் கேட்டார். மெக்கானிக் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்.

"மாப்ளே, அது ஐடில் வால்வு. ஆக்சிலேட்டர்ல கால் இல்லாதப்போ இன்ஜினுக்கு மூச்சு குடுக்கறது அதுதான். காலைல ஜில்லுனு இருக்கறப்போ, ஏசி போடறப்போ, கொஞ்சம் கூடுதலாக் காத்து விட்டு அணையாம பாத்துக்கும். அதுல கை வைக்காதீங்க."

"பந்தய வண்டில எல்லாம் கழட்டிடறாங்களே மச்சான்."

"பந்தய வண்டி காலைல ரத்தம் எடுக்கப் போகுதா?"

நியாயமான கேள்வி. ஆனால் கட்டர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கழற்றினார், ஓட்டையைத் தகடு வைத்து மூடினார், மழமழவென்று இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள், "எனக்குக் காலைல வண்டி கிளம்பணும்." வீறாப்பில் இவர், "நானே எந்திரிச்சு சூடாக்கித் தரேன்" என்று வாயைக் கொடுத்தார். வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்ட கதைதான்.

மறுநாள் விடியலில் கண்ணைத் திறக்கவே முடியாமல் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இருமிவிட்டு அணைந்தது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே இருந்தால்தான் ஓடும் என்று தெரிந்தது. ஆக, கழற்றிப் போட்ட வால்வின் வேலையை இனி இவர் கால் பார்க்க வேண்டும். சூடேறும் வரை அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்?

முதல் நாள் இரண்டு பேரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் அவள் ஒரு கதை சொன்னாள். மலை மாதிரி ஒரு ஆள், ஊசியைப் பார்த்ததும் அவள் தோளிலேயே சாய்ந்துவிட்டானாம். கட்டர் சிரித்த சிரிப்பில் கால் நழுவி, வண்டி அணைந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். அவள் அந்த ஆளைப் போலவே கண்ணைச் செருகிக் காட்டினாள், மறுபடி அணைந்தது. அதற்கப்புறம் அலாரம் அடிக்கும் முன்பே கட்டர் எழுந்துவிடுவார். அச்சகத்தில் நடக்கிற கூத்தையெல்லாம் அவளுக்குச் சொல்லவென்றே சேர்த்து வைப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது அவள் ஏசி போடும் வரை. வண்டி படுத்துவிட்டது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்ததாம். அவள் போய்ச் சேர்வதற்குள் பசியோடு காத்திருந்த ஒரு பெரியவருக்கு மயக்கமே வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அதிகாரியிடம் திட்டு. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாளே தவிர, கட்டரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே மச்சானுக்குப் போன் போட்டார்.

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தார். தங்கை போல்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். வால்வை மாட்டி, வயர் பிளக்கை டக்கென்று செருகினார். "இந்தப் பிளக் இல்லேன்னா வால்வு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றார்.

"இனிமே நீ பாட்டுக்குக் கிளம்பிப் போகலாம், எனக்காகக் காத்துட்டு இருக்க வேண்டாம்" என்றார் கட்டர். அவள் "சரி" என்றாள். கட்டருக்குத்தான் ஏனோ சோறு இறங்கவில்லை. விடியற்காலைப் பேச்சு இனி இல்லையே.

மறுநாள் விடியலில் அவள் வந்து உலுக்கினாள். "என்னங்க, வண்டி ஸ்டார்ட் ஆகி ஆகி அணைஞ்சு போகுது."

மச்சான் பார்த்த வேலையின் லட்சணத்தை முணுமுணுத்துக்கொண்டே கட்டர் போய் பானெட்டைத் திறந்தார். வால்வு இருந்தது. பிளக் மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது தானாகக் கழலாது. கிளிப்பைக் கட்டைவிரலால் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். எட்டிப் பார்த்தார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் கறுப்பாக மசகு.

கட்டர் பிளக்கைத் தொடவில்லை. பானெட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, ஆக்சிலேட்டரில் காலை வைத்தார்.

"என்னவாம்?" என்றாள்.

"சின்னக் கோளாறு. சூடானா சரியாயிடும்." கொஞ்சம் பொறுத்து, "நேத்து அந்தப் பெரியவருக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடித்து, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் ஏறிய பிறகு, கட்டர் இறங்கிப் போய் பிளக்கைச் செருகினார். சிக்னலில் அவள் மறுபடி அவதிப்படக் கூடாதல்லவா. திரும்பி வருவதற்குள் அவள் ஓட்டுநர் சீட்டுக்கு மாறி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"இது நாளைக்கும் கழண்டுக்குமோ என்னவோ" என்றார்.

"கழண்டா என்ன, நீங்கதான் இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.